இலைத் தராசு

லோயிஸ் டீச்சருக்கு உலகத்தில் யாரையுமே பிடிக்காது என்று பள்ளியில் சொல்வார்கள். அது சுத்தப் பொய். தன் பிரிவில் படித்த பெண்களை அவளுக்குப் பிடிக்கும். மீதிப் பேரைத்தான் பிடிக்காது. அந்த மீதியில் தலைமையாசிரியர், மற்ற ஆசிரியர்கள், வாட்ச்மேன், பேருந்து நடத்துநர், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முன் பெஞ்சில் உட்காரும் பெண்கள் என்று கோத்தகிரி வட்டாரமே ஏறக்குறைய அடங்கிவிடும்.

எண்பதுகளின் கடைசி. அந்த மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு வருகிறவர்களை மதிப்பெண் பார்த்துப் பிரிப்பார்கள். நல்ல மார்க் வாங்கியவர்கள் அறிவியல், அதற்குக் கீழே வணிகம். எதிலும் சேராமல் மிஞ்சுகிற பெண்களைத் தொழிற்கல்வியில் தள்ளுவார்கள். பிரிவின் பெயர் என்னவோ ‘குழந்தை பராமரிப்பும் சமூக நலமும்’ என்று கம்பீரமாகத்தான் இருந்தது. பள்ளியில் எல்லோரும் அதை ‘ஆயா குரூப்’ என்றார்கள். லோயிஸின் பெண்கள் பிளாஸ்டிக் பொம்மையையும் பேசினையும் தூக்கிக்கொண்டு மைதானத்தைக் கடந்தால், மாடி ஜன்னலிலிருந்து பையன்கள் ‘ங்கா ங்கா’ என்று அழுது காட்டுவார்கள். ஆசிரியர் அறையில் அதைக் கேட்டுச் சிரிக்கிறவர்களும் இருந்தார்கள்.

தலைமையாசிரியர் லிங்கசாமி நேராகவே கேட்பார். “ஏனுங்க டீச்சர், கொழந்தை பார்க்கறதுக்கு எதுக்குங்க ரெண்டு வருசப் படிப்பு? எங்க ஊட்டுல எல்லாம் படிக்காமயே வளர்க்கறாங்க.”

“அது எப்படி வளர்ந்திருக்குன்னு பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுல பார்த்தேன் சார்” என்றாள் லோயிஸ். அவருடைய மகன் அந்த வருடம் மூன்று பாடத்தில் கோட்டை விட்டிருந்தான்.

இப்படிப் பேசினால் யார்தான் பொறுப்பார்கள்? அவர் பொறுக்கவில்லை. அந்தப் பிரிவில் படித்து வெளியே போன ஒரு பெண்ணாவது அந்தப் படிப்பை வைத்து வேலை வாங்கியிருக்கிறாளா என்று மேலிடத்துக்கு எழுதிப்போட்டார். பதில் அவருக்கும் தெரியும், லோயிஸுக்கும் தெரியும். ஒருத்தியும் வாங்கவில்லை. கல்யாணம் ஆகிப் போனார்கள், இல்லாவிட்டால் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு தேயிலை பறிக்கப் போனார்கள். இந்த வருடமும் ஒருத்திக்கு வேலை கிடைக்காவிட்டால் பிரிவை மூடிவிட்டு டைப்ரைட்டிங் கொண்டுவரப் போவதாக அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். லோயிஸ் அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஆத்திரத்தில் அவளுக்கு எப்போதும் பசி போய்விடும்.

ஒரு வேலை இருந்தது. பக்கத்து எஸ்டேட்டின் பிள்ளைக் காப்பகத்தில்.

அங்கே தேயிலை பறிக்கப் போகிற பெண்கள் காலையில் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போவார்கள். மதியம் பால் கொடுக்க வருவார்கள். இத்தனை பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள ராக்கம்மா என்று ஒரே ஓர் ஆயா. சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். அங்கே தோட்டத்தில் பேசிய பேச்சை அவள் இன்னும் விடவில்லை. காப்பகம் அவளுக்குப் பிள்ளைக்காம்பரா, தேயிலை அவளுக்குக் கொழுந்து. அவளுக்கு வயதாகிவிட்டது, படித்த ஆளைப் போடுங்கள் என்று தொழிலாளர் துறையிலிருந்து வந்த ஓர் அதிகாரி எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். எஸ்டேட்டின் நல அலுவலர் செல்லதுரை லோயிஸைக் கூப்பிட்டனுப்பினார்.

“உங்க ப்ராக்டிகல் பரீட்சையை இங்கயே வச்சுக்குங்க மேடம். வெளிய இருந்து வர்ற எக்ஸாமினர் முன்னாடி உங்க பொண்ணு நல்லா செஞ்சு காட்டட்டும். அன்னைக்கே ஆர்டர் கையில குடுத்துடறேன்.”

எந்தப் பெண் என்பதில் லோயிஸுக்குக் கொஞ்சம்கூடக் குழப்பமில்லை. பங்கஜம். அதே எஸ்டேட்டில் தேயிலை பறிக்கும் பாலாமணியின் மகள். அப்பன் கூடலூர்ப் பக்கம் மர வேலைக்குப் போனவன், போனவன்தான். பாலாமணியின் தோள்பட்டை இறங்கிப்போய்க் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. அவள் வேலையிலிருந்து நின்றால் எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போய்விடும். மகளுக்குக் காப்பகத்தில் வேலை கிடைத்தால் வீடு தங்கும், மகள் முதுகில் கூடை ஏறாது. பங்கஜம் அதிகம் பேசமாட்டாள். அழுகிற பிள்ளையை அவள் தூக்கினால் அது அழுகையை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்க்கும். அதைப் பாடத்தில் சொல்லிக்கொடுக்க முடியாது என்று லோயிஸுக்குத் தெரியும். அவள் யாரைப் பற்றியும் மனதுக்குள் இவ்வளவு நல்ல வார்த்தை சொல்லிக்கொண்டதில்லை.

பயிற்சிக்காக முதல் நாள் தன் பெண்களை அழைத்துக்கொண்டு போனபோது ராக்கம்மா வாசற்படியிலேயே காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நகரவில்லை.

“பொம்மைய குளிப்பாட்டிப் பாஸ் பண்ணினவங்களா நீங்க? செருப்ப வெளியில விடுங்க. பொம்மைக்குச் சளி புடிக்காது, இதுகளுக்குப் புடிக்கும்.”

“பிள்ளைங்க படுக்கிற துணியை எப்போ வெந்நீர்ல போட்டீங்க?” என்று லோயிஸ் திருப்பிக் கேட்டாள்.

“நீங்க விறகு சுமந்து குடுங்க டீச்சரம்மா, இப்பவே போடறேன்.”

அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் ஜென்மப் பகை. லோயிஸ் தொட்டிலை ஜன்னலோரம் நகர்த்துவாள். அவள் போனதும் ராக்கம்மா பழைய இடத்துக்கே இழுத்துப் போடுவாள். லோயிஸ் சுவரில் படம் ஒட்டினால் மறுநாள் அது அடுப்பில் எரிந்திருக்கும். பெண்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தார்கள். எரிச்சலில் லோயிஸ் அவர்கள்மேலும் எரிந்து விழுவாள்.

பாடத்தில் முக்கியமானது எடை. மாதம்தோறும் பிள்ளையின் எடையைப் பார்த்து, வயதுக்குத் தக்க வளர்ச்சி இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். பரீட்சையில் அது கட்டாயம் வரும். பிள்ளைகளை நிறுக்க ஒரு தராசு வாங்கித் தரச் சொல்லி லோயிஸ் பள்ளியில் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். வகுப்பில் அவள் நடத்திய முதல் பாடமே தராசுதான், அதுவும் காய்கறிக் கடைக்காரரிடம் கெஞ்சி ஒரு மணி நேரத்துக்கு வாங்கி வந்த தராசு. “முள் பூஜ்யத்துல நிக்குதுன்னு நம்பிடாதீங்க. எடை தெரிஞ்ச பொருள் ஒண்ணை முதல்ல தொங்கவிட்டுப் பாருங்க. அது சரியா காட்டினாத்தான் பிள்ளையைத் தொடணும்” என்று அன்று தொண்டை வற்றச் சொல்லியிருந்தாள்.

சொன்னவளே மறந்தாள். பரீட்சை நெருங்கிய பதற்றம், ராக்கம்மாவோடு தினமும் மல்லுக்கட்டிய சலிப்பு, எதைச் சொன்னாலும் சமாதானம் ஆகாது. எஸ்டேட்டில் பச்சை இலை நிறுக்கும் கொக்கித் தராசைக் கண்டதும் அதைக் கேட்டாள். இலை நிறுக்கும் கணக்குப்பிள்ளை தலையைச் சொறிந்தான். “அது எதுக்குங்க சார், அழுக்காக் கெடக்குது” என்று இழுத்தான். செல்லதுரை பெரிய மனது பண்ணி, “அட குடுய்யா, சின்னப் பசங்க படிப்புக்குத்தானே” என்றார். இரண்டு எடைக்கு நடுவில் சும்மா கிடக்கும் நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. அந்த நேரத்தில் அவருக்கும் எதுவும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் கொடுத்திருப்பாரா?

காப்பகத்தின் உத்தரத்தில் தராசை மாட்டி, பழைய சேலைத் துணியில் தூளி கட்டி, பெண்கள் பிள்ளைகளை ஒவ்வொன்றாக நிறுத்தார்கள். மதியம் பால் கொடுக்க வந்த பெண்கள் வாசலில் கூடையை இறக்கியவர்கள் இறக்கியபடியே நின்றார்கள். காலையும் மாலையும் அவர்கள் மூட்டை தொங்கும் அதே கொக்கியில், கறை படிந்த அதே கொக்கியில், ஜெஸிந்தாவின் மகன் காலை உதைத்துக்கொண்டு தொங்கினான்.

“எறக்குங்க அதை” என்றாள் ஜெஸிந்தா.

“இரும்மா, முள் ஆடுது” என்றாள் லோயிஸ். “அஞ்சரை. எத்தனை மாசம் உன் பிள்ளைக்கு? ஏழு மாசத்துக்கு அஞ்சரை கிலோவா? வர்ற பால்மாவை என்ன செய்யறே, காப்பில போட்டுக் குடிச்சிடறியா?”

“போன வாரம் ஊசி போடப் போனப்ப ஆஸ்பத்திரியில ஏழுன்னாங்க.”

“ஏழு கிலோ பிள்ளை ஒரு வாரத்துல ஒன்றரை கிலோ கரையுமா? கரைஞ்சிருந்தா நீதான் கரைச்சிருப்பே.”

பெற்றவளைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா அது? ஜெஸிந்தா தூளியிலிருந்து பிள்ளையைப் பிடுங்கினாள். அவள் போகும்போது லோயிஸின் புடவை நுனிக்குப் பக்கத்தில் காறித் துப்பிவிட்டுப் போனாள். அன்றைக்கு மட்டும் ஒன்பது பிள்ளைகள் எடை குறைவு என்று பெண்கள் சொன்னார்கள். லோயிஸ் ஒன்பது தாய்மார்களையும் வரிசையாக நிறுத்தி, முட்டை, கீரை, சுத்தம், பொறுப்பு என்று விளாசினாள். மறுநாள் காலை பாதிப் பேர் காப்பகத்துப் பக்கமே வரவில்லை. பிள்ளையை மாரோடு கட்டிக்கொண்டு மழைச் சாரலில் இலை பறிக்கப் போய்விட்டார்கள்.

ராக்கம்மா அடுப்படியிலிருந்து வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். “கொழுந்து தூக்கற கொக்கியில புள்ளையத் தூக்கினீங்க. பத்தாததுக்குப் பெத்தவளையும் ஏசினீங்க. அந்தத் தராசு யோக்கியமான்னு பார்த்தீங்களா?”

“முள் பூஜ்யத்துல நிக்குது. உங்களுக்குக் கண்ணு தெரியலைன்னா நான் என்ன செய்ய?”

“முள்ளு நிக்கும். முள்ளுக்கென்ன.”

ராக்கம்மாவுக்கு அது சந்தேகம்தான், சாட்சி கிடையாது. ஆனால் லோயிஸ் அதை விடுகிற ஆளில்லை. ஒரு கிழவி தன் தராசைக் குறை சொல்வதா? மாலை எடை முடிந்ததும் தராசை மறுபடி வாங்கி மாட்டி, எல்லோரும் போனபின் பங்கஜத்தை மட்டும் நிறுத்திவைத்துக்கொண்டு, அலமாரியிலிருந்து சத்துமாவுப் பை ஒன்றை எடுத்தாள். தொழிற்சாலையிலேயே வாய் தைத்து, ஐந்து கிலோ என்று அச்சடித்து வந்த பை. நாளைக்கு ராக்கம்மாவைக் கூப்பிட்டு, நாலு பேர் முன்னால் முகத்தில் கரி பூச வேண்டும் என்ற ஒரே நினைப்போடு பையைக் கொக்கியில் மாட்டினாள்.

முள் மூன்றரையில் நின்றது.

வேறு பையை மாட்டினாள். மூன்றரை. இரண்டையும் சேர்த்து மாட்டினாள். எட்டரை. எதைத் தொங்கவிட்டாலும் ஒன்றரை கிலோவை அது விழுங்கிக்கொண்டிருந்தது. சும்மா இருக்கும்போது முள் பூஜ்யத்துக்குக் கீழே இறங்காமல் பிடித்து வைக்கச் சின்னதாக ஓர் ஆணி அடித்திருந்தது. யாரோ யோசித்து, நிதானமாக அடித்த ஆணி.

பங்கஜம் அந்த ஆணியைத் தொட்டுப் பார்த்தாள். “எங்கம்மா இதுலதான் டீச்சர், நான் பொறந்ததுல இருந்து எல போடுது” என்றாள். “சாக்குக் கழிவுன்னு தனியா வேற புடிப்பாங்க. எல பத்தலைன்னு தெனமும் திட்டு வாங்கிட்டு வரும். கை வீங்கிப் போய் வரும். நாங்கூடச் சொல்லியிருக்கேனுங்க, நீ பறிக்கறதே சோம்பேறித்தனமா இருக்குதுன்னு.”

இப்போது லோயிஸுக்கு எஸ்டேட்டின்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது. ஆனால் அதற்கு முன்னால் பயம் வந்துவிட்டது. உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால் அதுதான் முதலில் வந்தது. இந்தத் தராசைப் பற்றி ஒரு வார்த்தை வெளியே போனால் பரீட்சை இங்கே நடக்காது, ஆர்டர் வராது, பிரிவு இருக்காது. ஜெஸிந்தாவிடம் சொன்ன வார்த்தையும் நினைவுக்கு வந்தது. அதை ஒதுக்கித் தள்ளினாள்.

“வாயைத் திறக்காதே” என்றாள். “பரீட்சை முடியட்டும். எடையைப் படிச்சதும் மனசுக்குள்ள ஒன்றரையைக் கூட்டிச் சொல்லிடு. பிள்ளை எடை சரியா வந்துடும். யாருக்கும் தெரியாது. ஆர்டரைக் கையில வாங்கினதுக்கு அப்புறம் மத்ததைப் பார்த்துக்கலாம்.”

“அப்புறம்னா எப்பங்க டீச்சர்?”

“அப்புறம்னா அப்புறம். பெரிய கேள்வி கேக்கறா.”

பங்கஜம் பைகளை அலமாரியில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனாள். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. லோயிஸ் அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டாள்.

பரீட்சை நாளில் பிள்ளைகள் எல்லோரும் வந்திருந்தார்கள். பிள்ளையைக் கொண்டுவராதவளுக்கு அன்றைக்கு ஆஜரும் கூலியும் கிடையாது என்று செல்லதுரை சொல்லியனுப்பியிருந்தார். வந்த பெண்கள் லோயிஸை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வெளித் தேர்வாளர் கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக வந்த அம்மாள். மலையேறுகிற வளைவுகளில் வாந்தி எடுத்து, எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடியே உள்ளே வந்தார். அவருக்கும் யார்மேலும் பிரியமில்லை. செல்லதுரை நாற்காலி போட்டு, டீயும் பிஸ்கட்டும் தட்டில் வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். சட்டைப் பையில் நீளமான ஓர் உறை தெரிந்தது. லோயிஸ் அந்த உறையைப் பார்த்த கண்ணை எடுக்கவே இல்லை.

பங்கஜம் பிள்ளையைக் குளிப்பாட்டினாள். முழங்கையால் தண்ணீர்ச் சூடு பார்த்தாள். காது மடிப்பைத் துடைத்தாள். அழுத பிள்ளை அடங்கியது. தேர்வாளர் அம்மாள் எலுமிச்சம்பழத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்குள் மதிய இடைவேளை ஆகிவிட, பால் கொடுக்க வந்த பெண்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். முன்னால் ஜெஸிந்தா, அவளுக்குப் பின்னால் மகளின் பரீட்சையைப் பார்க்க வந்த பாலாமணி. உள்ளே அடுப்படி வாசலில் ராக்கம்மா.

“எடை பார்க்கணும்” என்றார் தேர்வாளர். “பார்க்கறதுக்கு முன்னாடி என்னம்மா செய்யணும்?”

“முள் பூஜ்யத்துல இருக்குதான்னு பார்க்கணுங்க.”

“அது மட்டும் போதுமா?”

போதாது. இந்தக் கேள்விக்கு விடை அந்த வகுப்பில் எல்லாப் பெண்ணுக்கும் தெரியும். பங்கஜம் திரும்பி லோயிஸைப் பார்த்தாள். போதும் என்று தலையசைக்கலாம், போதாது என்றும் தலையசைக்கலாம். இரண்டில் எதைச் செய்தாலும் பெண் கேட்டிருப்பாள். லோயிஸ் இரண்டையும் செய்யவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வெளியே பனிமூட்டம். ஜன்னலில் பார்க்க ஒன்றுமே இல்லை.

அலமாரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பை கொக்கியில் மாட்டுகிற சத்தம் கேட்டது.

“படி” என்றார் தேர்வாளர்.

“மூணரைங்க.”

“பையில எவ்வளவு போட்டிருக்கு?”

“அஞ்சுங்க.”

“அப்போ?”

“தராசு ஒன்றரை கிலோ கம்மியா காட்டுதுங்க. இதுல புள்ளைய எடை போடக் கூடாதுங்க.”

“சரியான பதில்” என்றார் தேர்வாளர். மார்க்கைப் போட்டுவிட்டு அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார். அந்த அம்மாளுக்கு அது ஒரு கேள்வி, அதற்கு ஒரு பதில். அவ்வளவுதான்.

“அப்போ எம்புள்ள கரையல” என்றாள் ஜெஸிந்தா, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி.

“கரைஞ்சது நம்ம கொழுந்துடி” என்றாள் ராக்கம்மா.

செல்லதுரை டீக் கோப்பையைக் கீழே வைத்தார். “பழைய தராசு. ஸ்பிரிங் போயிருக்கும்” என்று பொதுவாகச் சொன்னார். கிளம்பும்போது லோயிஸின் பக்கத்தில் வந்து, குரலை உயர்த்தாமல், “உங்க பொண்ணு ரொம்ப நல்லா படிச்சிருக்கா மேடம். எங்க போனாலும் நல்லா இருப்பா” என்றார். உறை பையிலேயே இருந்தது. அதைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்று மாலை எடை போடும் இடத்துக்கு இலை மூட்டைகளோடு சத்துமாவுப் பை ஒன்றும் போனது. அதை முதலில் கொக்கியில் மாட்டச் சொன்னார்கள். கணக்குப்பிள்ளை மாட்ட மறுத்தான். பெண்கள் இலையைக் கொட்டி அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்கள். மறுநாளும் பறிக்கப் போகவில்லை. இலை முற்றுகிற பருவம். பறிக்காமல் விட்டால் எஸ்டேட்டுக்குத்தான் நஷ்டம். சில நாளில் புதுத் தராசு வந்துவிட்டது. பழையதைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்று எஸ்டேட்காரர்களும் பெண்களும் பேசி முடித்தார்கள். ராக்கம்மாவே காப்பகத்தில் இருக்கட்டும் என்றும் முடிவானது. பள்ளிப் பெண்கள் இனி எஸ்டேட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்பதைக் கடைசியாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

பங்கஜம் செய்முறைத் தேர்வில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தாள். ஆர்டர் வரவில்லை. லிங்கசாமி டைப்ரைட்டிங் மெஷின்களுக்கு எழுதிப்போட்டார். அந்தக் கோடையில் எஸ்டேட் ஜீப் ஒன்று பள்ளிக்கு வந்து ஒரு பொட்டலத்தை இறக்கிவிட்டுப் போனது. லோயிஸ் வருடக்கணக்கில் கேட்டுக் கிடைக்காத தராசு. துடைத்து, பச்சைப் பெயின்ட் அடித்து, ‘பள்ளிக்கு அன்பளிப்பு’ என்று எழுதியிருந்தது. ஆணி அப்படியே இருந்தது. லிங்கசாமி அதை ஆள் வைத்துக் கொண்டுபோய் அவள் வகுப்பறையில் மாட்டச் சொன்னார். அவர் அன்று வெகு உற்சாகமாக இருந்தார்.

அந்த வகுப்பறையில், பொம்மைகளையும் பேசின்களையும் லோயிஸ் பெட்டியில் எடுத்துக் கட்டிக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் பாலாமணி வந்தாள். வேலை உடுப்போடு, தலையில் சாக்கோடு வந்திருந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

“பங்கஜம் திருப்பூர் போயிருச்சுங்க” என்றாள். “பனியன் கம்பெனிக்கு ஆள் புடிக்க வந்தாங்க. காலைல மொத பஸ்ஸுல ஏத்திவிட்டேன்.”

“பனியன் கம்பெனிக்கா? எவ்வளவு படிச்ச பொண்ணு அது. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?” லோயிஸுக்கு வழக்கம்போல் முதலில் கோபம்தான் வந்தது.

“கேட்டா என்னங்க செஞ்சிருப்பீங்க?”

“அவ செஞ்ச காரியத்தாலதான் உங்க இலை இன்னைக்கு முழு எடை நிக்குது. அதையாவது நினைச்சுப் பார்க்கணும் நீங்க. பொய் சொல்லச் சொல்றீங்களா பிள்ளையை?”

“பொய் சொல்லச் சொன்னது நாங்களுங்களா?”

லோயிஸ் கையிலிருந்த பொம்மையைப் பெட்டிக்குள் வைத்தாள்.

“ஒன்றரையக் கூட்டிச் சொல்லுன்னீங்களாமா. கூட்டிச் சொல்லியிருந்தா என்ற தோளு இன்னுங் கொஞ்சம் எறங்கியிருக்கும், அவ்வளவுதானுங்க. எம்புள்ளைக்கு வேலை கெடைச்சிருக்கும். ஊடு தங்கியிருக்கும். நானே அப்படித்தான் சொல்லியிருப்பேன், அதுக்கு உங்களைக் குத்தம் சொல்ல வரலீங்க.” பாலாமணி தலைச் சாக்கை எடுத்துக் கையில் மடித்தாள். குரலில் அழுகை இல்லை. அழுதிருந்தால் லோயிஸ் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பாள். “அன்னைக்கு அவ உங்களைத் திரும்பிப் பார்த்தாளே, அப்ப நானும் வாசல்ல நின்னு உங்களைத்தான் பார்த்துட்டிருந்தேனுங்க. தராசு தப்புன்னு உங்களுக்கும் தெரியும். நீங்களே எந்திரிச்சு அதைச் சொல்லியிருந்தா உங்களை அவங்க என்னங்க பண்ணியிருக்க முடியும்? நீங்க கவருமென்டு சம்பளம் வாங்கறவங்க. உங்க மேல கோவிச்சுட்டுப் போயிருப்பாங்க, எம்புள்ள மேல கோவிக்க ஒண்ணும் இருந்திருக்காது. ஊருக்கே திட்டறீங்க, அந்த ஒரு தரம் பேசியிருக்கலாமுங்க. சன்னலைப் பார்த்துட்டீங்க.”

லிங்கசாமிக்குப் பதில் வைத்திருந்தவள், ராக்கம்மாவுக்கு வைத்திருந்தவள், கோத்தகிரி வட்டாரம் முழுவதற்கும் நாக்கின் நுனியில் பதில் வைத்திருந்தவள் லோயிஸ். பாலாமணிக்கு ஒரு வார்த்தை கிடைக்குமா என்று தேடினாள்.

பாலாமணி காத்திருந்தாள். இலை பறிக்கத் திரும்பிப் போக வேண்டிய நேரம் ஆகியும் போகாமல், கையில் சாக்கோடு நின்றாள். அந்த வகுப்பறையிலும் ஒரு ஜன்னல் இருந்தது. அந்தப் பக்கம் திரும்ப இந்த முறை லோயிஸுக்குத் துணிச்சல் வரவில்லை.